தண்ணீர் கேட்டு வந்தவள்

சனிக்கிழமை காலை. குசினியில் நிமலினி புட்டுக்குத் தேங்காய்ப்பூ துருவிக்கொண்டிருந்தாள். மகள் ஜூடித் போனைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள். நித்திரையில்லாத முகம்.

“அம்மா, உது இப்ப எங்கடை சேர்ச் மாதர் குறூப்பிலையும் வந்திட்டுது.”

“பழையதுதானே?”

“குரல் பழசு. படம் புதுசு. கேளுங்கோ.”

போனுக்குள்ளிருந்து ஜூடித்தின் குரலே வந்தது. நிதானமாக, அடித்தொண்டையில் இறங்கிய குரல். சொற்கள் நிமலினியுடையவை.

“வெள்ளைச் சீலை. இடது கையில் ஒரு துணிப் பொட்டலம். குழந்தையை அணைப்பதுபோல அணைத்திருப்பாள். ஒரு காலைச் சற்றே இழுத்து நடப்பாள். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டு வாசலில்தான் நிற்பாள். குடிக்கத் தண்ணீர் கேட்பாள். கொடுத்தால் வாங்குவாள், குடிக்க மாட்டாள். வாசற்படியில் ஊற்றிவிட்டுப் போவாள். மறுநாள் அந்த வீட்டுத் தொட்டில் வெறுமையாகக் கிடக்கும்.”

படத்தில் ஓர் இருண்ட ஒழுங்கை. அதற்கு மேல் கொட்டைச் சிவப்பு எழுத்து: ‘அவதானம்! வலிகாமம் வடக்கில் பிள்ளை பிடிக்கும் பெண். எல்லோருக்கும் அனுப்புங்கள்.’

தான் எழுதியதைக் கேட்டுத் தானே பயப்படுவது நிமலினிக்கு இதுதான் முதல் தடவை.

உடுவிலில் அவளைத் தெரியாதவர்கள் குறைவு. பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்த நாளிலேயே ‘பேய்க்கதை ரீச்சர்’ என்ற பெயர் விழுந்துவிட்டது. மாம்பழம் திருடித் தின்னும் முனியைப் பற்றிச் சிறுவர் கதை எழுதினாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொள்ளிவாய்ப் பேயைத் துரத்திக்கொண்டு போன தபால்காரனை வானொலி நாடகமாக்கினாள். மருத்துவிச்சிமாரிடம் கேட்டுக் கேட்டுத் தாலாட்டுகளைத் தொகுத்தாள். இயேசு பிறப்பைச் சொல்லும் தேவாலயத்து நத்தார் நாடகத்தில், பச்சைப்பிள்ளைகளைக் கொல்வித்த அரசனின் அரண்மனைக்குள் அந்தக் குழந்தைகளின் நிழல்களை நடமாடவிட்டுப் போதகரிடம் பேச்சும் வாங்கினாள்.

எல்லாவற்றிலும் அதிகம் பேசப்பட்டது ‘கொத்தி வந்த வீடு’ என்ற நாவல். பிள்ளை பெற்ற வீட்டைச் சுற்றிவரும் பேய்க்குக் கொத்தி என்று பெயர். அந்தப் பழைய பேயை எடுத்து, சனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடிய யுத்தகாலத்து வீதியில் நடக்கவிட்டிருந்தாள் நிமலினி.

அந்த நாவலை யூரியூப்பில் வாசிப்போம் என்பது ஜூடித்தின் யோசனை. வாசித்ததில் ஒரு துண்டை யாரோ வெட்டியெடுத்துச் செய்தியாக்கிவிட்டார்கள். போன கிழமை ஜூடித் தன் வீடியோவை அழித்தாள். அதற்கிடையில் வெட்டிய துண்டு குட்டி போட்டுவிட்டது.

நேற்று நிமலினி தானே கமெராவுக்கு முன்னால் இருந்து மறுத்துப் பேசியிருந்தாள். ‘உது நான் எழுதின கதை. அப்பிடி ஒரு பொம்பிளையைக் கண்டனான் எண்டு ஆரும் சொன்னால் நம்பாதையுங்கோ’ என்று தெளிவாகத்தான் சொன்னாள்.

“அதையும் வெட்டிப்போட்டாங்கள் அம்மா,” என்றாள் ஜூடித்.

அடுத்த வீடியோவில் நிமலினியின் முகம். அவளுடைய சொந்த வாய் அசைந்து சொன்னது: “அப்பிடி ஒரு பொம்பிளையைக் கண்டனான்.” அவ்வளவுதான். அடியில் ஒரு வரி: ‘எழுத்தாளரே ஒப்புக்கொண்டார்.’

நிமலினி தேங்காய்ப் பாதியை வைத்துவிட்டுக் கையைச் சீலையில் துடைத்தாள்.

“மாமி எங்கை பிள்ளை?”

“சீலா மாமியோ? அவ விடியவே மயிலிட்டிக்குப் போட்டா. இண்டைக்குச் சனியெல்லே.”

அப்போதுதான் நிமலினிக்கு அது உறைத்தது.

சீலா, நிமலினியின் கணவன் பிறேமின் தமக்கை. இளவயதில் மயிலிட்டியில் வள்ளம் வைத்திருந்த அன்ரன் என்ற கத்தோலிக்கப் பொடியனை விரும்பிக் கட்டியவள். வீட்டில் ஒருவரும் கல்யாணத்துக்குப் போகவில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஊர் முழுக்க இடம்பெயர்ந்தபோது கடலுக்குப் போன அன்ரன் திரும்பவில்லை. கைக்குழந்தையோடு புறப்பட்ட சீலா, காலில் காயத்தோடு, வெறுங்கையோடு உடுவிலுக்கு வந்து சேர்ந்தாள். குழந்தை வழியில் காய்ச்சலில் செத்துப்போனது என்று சொன்னாள். அதன்பிறகு அதைப்பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் கதைக்கவில்லை.

பிடித்துவைத்திருந்த காணிகளை இராணுவம் திருப்பிக் கொடுத்தபிறகு சனிக்கிழமைகளில் மயிலிட்டிக்குப் போவாள். கூரையில்லாத வீட்டைச் சுற்றிப் பற்றை வெட்டுவாள், கூட்டுவாள், கொண்டுபோன சோற்றை அங்கேயே இருந்து சாப்பிடுவாள், பின்னேர பஸ்ஸில் திரும்பிவிடுவாள். போன் வைத்துக்கொள்ள மாட்டாள்.

வெள்ளைச் சீலைதான் கட்டுவாள். கத்தியும் சோற்றுப் பார்சலும் சுற்றிய துணிப் பொட்டலத்தை இடது கையில் அணைத்திருப்பாள். ஒரு காலைச் சற்றே இழுத்து நடப்பாள்.

நிமலினி முற்றத்துக்கு ஓடினாள்.

பிறேம் மண்வெட்டியால் வாய்க்காலைத் திருப்பி வாழைக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். மனைவியின் புத்தக வெளியீடுகளுக்குக் கதிரை அடுக்குவார், மண்டபத்துக்குச் சொல்லிவைப்பார், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பார். ஒரு புத்தகத்தையும் வாசித்ததில்லை. ‘பேய் எண்டால் எனக்குச் சின்னனிலையிருந்து சரிவராது’ என்று சொல்லித் தப்பிவிடுவார்.

“இஞ்சருங்கோ, மச்சாளைப் போய்க் கூட்டிக்கொண்டு வருவம்.”

“ஏன்? பின்னேரம் வருவா தானே.”

“இல்லை. இப்ப போவம்.”

“என்ன நிமலி, என்ன நடந்தது?”

அவளால் சொல்ல முடியவில்லை. போனை வாங்கி அவர் கையில் கொடுத்தாள். இத்தனை நாளும் ‘உந்த விசர்க் கதை’ என்று தள்ளிவிட்ட வீடியோவை பிறேம் முதன்முதலாக முழுதாகக் கேட்டார். ‘ஒரு காலைச் சற்றே இழுத்து நடப்பாள்’ என்ற இடத்தில் அவருடைய முகம் மாறியது. மண்வெட்டி கைநழுவிப் பாத்திக்குள் விழுந்தது.

“இது அக்கா.”

“ஓம்.”

“நீர் அக்காவைப் பாத்தே உந்தப் பேயை எழுதினனீர்?”

“ஓம்.”

“ஏன் நிமலி? ஊர் உலகத்திலை உமக்கு வேறை ஆளே கிடைக்கேல்லை?”

பதில் நாக்கு நுனிவரை வந்து நின்றது. சீலாவுக்குக் கொடுத்த வாக்கு ஒன்று அதைத் தடுத்தது. நிமலினி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவை பிறேம் குற்றமென்றே எடுத்துக்கொண்டார்.

“ஜூடித், ஜெயரூபனை ஓட்டோவைக் கொண்டுவரச் சொல்லு. கெதியா!”

ஜெயரூபன் பக்கத்து ஒழுங்கைப் பொடியன். நல்லவன், வாய்தான் கொஞ்சம் நீளம். மருதனார்மடச் சந்தியில் சந்தைக்கு வந்த சனத்துக்குள் நெளிந்து காங்கேசன்துறை வீதியில் ஏறியதும் கண்ணாடியில் பார்த்துக் கதைக்கத் தொடங்கினான்.

“அன்ரி, உங்கடை வீடியோ பாத்தனான். நீங்கள் அவளை நேரிலையே கண்டனீங்களாம்?”

“தம்பி, அது வெட்டின வீடியோ.”

“இல்லை அன்ரி, சும்மா பயப்பிடாமல் சொல்லுங்கோ. என்ரை மனுசியும் பிள்ளை பெத்து இன்னும் முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியேல்லை. நாங்கள் இரவிலை லைற் அணைக்கிறேல்லை.”

நிமலினி கண்ணாடியில் தெரிந்த அவனுடைய சிவந்த கண்களைப் பார்த்தாள். தான் எழுதிய பேய் தன் பக்கத்து ஒழுங்கையில் ஓர் இளந்தாயை நித்திரை கொள்ளவிடாமல் வைத்திருக்கிறது.

“றோட்டைப் பாத்து ஓடு ஜெயரூபன்,” என்றார் பிறேம்.

தெல்லிப்பழையைத் தாண்டும்போது ஜூடித்தின் அழைப்பு வந்தது. அழுதுகொண்டு கதைத்தாள்.

“அம்மா, மயிலிட்டியிலை ஆரோ லைவ் போடுறாங்கள். பிடிபட்டாள் எண்டு போட்டிருக்கு. ஆள் தெரியேல்லை, சனம்தான் தெரியுது. அம்மா, ஒரு கதிரையிலை வெள்ளைச் சீலை தெரியுது.”

“பொலிசுக்கு அடி.”

“அடிச்சிட்டன். வாறம் எண்டவை.”

நிமலினி போனை மடியில் வைத்தாள். பக்கத்தில் பிறேம் முன்சீற்றுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவள் பக்கம் திரும்பவேயில்லை. தன்னை ஏசினாலாவது பரவாயில்லை என்று நினைத்தாள். கதையில் கொத்திக்கு என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஊர்ச்சனம் பனையோலை கொளுத்திக்கொண்டு துரத்துகிற இடத்தை அவள் எவ்வளவு ஆசைப்பட்டு எழுதினாள்! எத்தனை தடவை திருத்தினாள்! வாசகர்கள் அந்தப் பக்கத்தைத்தான் அதிகம் பாராட்டினார்கள்.

கர்த்தரே, அந்தப் பக்கம் மட்டும் நடந்துவிடக் கூடாது.

மயிலிட்டித் துறைமுகத்துக்குப் போகும் வீதியிலிருந்து பிரிகிற ஒழுங்கைக்குள் ஓட்டோ நுழைய முடியவில்லை. அவ்வளவு சனம். கோயில் மணி அடித்துக் கூட்டியிருந்தார்கள். வலை காயப்போட்ட வேலிகள், புதிதாகக் கட்டிய கல்வீடுகள், இடையிடையே கூரையில்லாத பழைய சுவர்கள்.

பிறேம் சனத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனார். நிமலினி அவருடைய சேட்டின் நுனியைப் பிடித்தபடி பின்னால்.

ஒரு புதுவீட்டு முற்றத்தில், பூவரச நிழலில், பிளாஸ்ரிக் கதிரையில் சீலா இருந்தாள். கையிரண்டையும் நைலோன் கயிற்றால் கதிரையோடு கட்டியிருந்தார்கள். சீலைத் தலைப்புக் கிழிந்திருந்தது. பொட்டலம் அவிழ்ந்து சோறு மண்ணில் சிந்திக் கிடந்தது. பற்றை வெட்டும் கத்தியைத் தனியே எடுத்து ஒரு கல்லின்மேல் வைத்திருந்தார்கள், எல்லோரும் பார்க்கட்டும் என்பதுபோல.

சீலா அழவில்லை. யாரையும் பார்க்கவுமில்லை.

“அக்கா!”

பிறேம் பாய்ந்தபோது ஒருவன் நெஞ்சில் கைவைத்துத் தடுத்தான். ஜெரிசன் என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள். உரமான ஆள். பயந்துபோன கண்கள்.

“ஆர் நீங்கள்?”

“இது என்ரை அக்கா. அவிழடா கயித்தை!”

“அக்காவோ? உங்கடை அக்கா கத்தியோடை வந்து எங்கடை வீட்டு வாசலிலை நிண்டவ. உள்ளுக்குப் பிள்ளை அழ, யன்னலாலை எட்டிப் பாத்தவ. என்ரை மனுசி கத்தாட்டி என்ன நடந்திருக்கும்?”

“அவவின்ரை வீடு பக்கத்து வளவு!”

“பக்கத்து வளவிலை ஒருதரும் இல்லை. நாங்கள் வந்த நாள் தொட்டு அது பாழ்வளவு.”

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கிளம்பியது. “இஞ்சை பாருங்கோ, இவதானே வீடியோவிலை வந்த எழுத்தாளர்! இவவே வந்திட்டா!”

போன்கள் எல்லாம் நிமலினியின் பக்கம் திரும்பின. அவள் ஓர் அடி முன்னே வந்தாள்.

“ஓம், நான்தான் எழுதினனான். அது கதை. கற்பனை. உங்களுக்கு வந்தது வெட்டின துண்டு.”

“கற்பனையோ?” ஜெரிசன் சிரித்தான். சிரிப்பில் சந்தோசம் இல்லை. “வெள்ளைச் சீலை. பொட்டலம். காலை இழுத்து நடக்கிறா. தண்ணி கேட்டவ. எல்லாம் அச்சாப் பொருந்துது. இவவைத் தெரியாமல் எப்பிடி எழுதினீங்கள்?”

“தெரியும். என்ரை மச்சாள்.”

“அப்ப இவவைத்தானே எழுதினீங்கள்? ஓமோ, இல்லையோ?”

ஓம் என்றால் சீலா பேயாகிவிடுவாள். இல்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். மேடைகளில் எத்தனையோ கேள்விகளுக்கு வாய் நிறையப் பதில் சொன்ன நிமலினி, முற்றத்து மண்ணில் சிந்திக்கிடந்த சோற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் ஒருவன் ‘இவளவையைச் சேத்துக் கட்டுங்கோ’ என்றான். யாரோ சிரித்தார்கள். ஒரு கல் வந்து கதிரைக் காலில் பட்டுத் தெறித்தது.

அந்தச் சத்தத்தில்தான் நிமலினிக்கு மூளை வேலை செய்யத் தொடங்கியது. இவர்கள் கதையைத்தான் நம்புகிறார்கள். கதை பொய் என்று சொல்லிப் பிரயோசனமில்லை. கதைக்குள்ளேயேதான் ஒரு வழி பார்க்க வேண்டும்.

வீட்டு வாசலில், கதவைப் பாதி சாத்திக்கொண்டு இளம்பெண் ஒருத்தி நின்றாள். தோளில் சின்னக் குழந்தை. ஜெரிசனின் மனைவியாகத்தான் இருக்க வேண்டும். நிமலினி அவளிடம் போனாள்.

“பிள்ளை, அவ உங்களிட்டை என்ன கேட்டவ?”

“தண்ணி.”

“குடுத்தனீங்களோ?”

“இல்லை. எனக்கு வீடியோ ஞாபகம் வந்திட்டுது. கத்திப்போட்டன்.”

“அந்த வீடியோவிலை, தண்ணி குடுத்தால் அவள் என்ன செய்வாளாம்?”

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். “வாங்குவாளாம். குடிக்க மாட்டாளாம். படியிலை ஊத்துவாளாம்.”

“சரி. ஒரு பேணி தண்ணி தாங்கோ. எல்லாரும் பாக்கட்டும்.”

அவள் கணவனைப் பார்த்தாள். ஜெரிசன் தலையசைத்தான். அவள் உள்ளே போய் ஒரு பேணியில் தண்ணீர் கொண்டுவந்தாள். நிமலினி அதை வாங்கிச் சீலாவின் முன்னால் போய் நின்றாள்.

போன் பிடித்த கைகள் இன்னும் உயர்ந்தன.

“ஒரு கையையாவது அவிழ்த்துவிடுங்கோ தம்பி.”

ஜெரிசன் தயங்கி வலது கைக் கயிற்றை அவிழ்த்தான். நிமலினி பேணியை அந்தக் கையில் வைத்தாள்.

சீலா பேணியைப் பிடித்தாள். குடிக்கவில்லை.

“மச்சாள், குடியுங்கோ.”

சீலா அவளை நிமிர்ந்து பார்த்தாள். எவ்வளவோ நேரம் தாகத்தில் வாடிய முகம், உதடு வெடித்திருந்தது. இருந்தும் பேணி மடியிலேயே இருந்தது. அடிக்க வந்தவர்கள் தந்த தண்ணீரைக் குடிப்பதா என்ற வீம்பு அந்தக் கண்ணில் இருந்ததை நிமலினி கண்டாள். இந்த வீம்புதான் அவளை இவ்வளவு காலம் நிமிர்த்தி வைத்திருந்தது. இன்றைக்கு அதுவே அவளைக் கொன்றுவிடும்.

“பாத்தியே? குடிக்கிறாளில்லை,” என்று ஒரு குரல் கிசுகிசுத்தது.

கயிறு இறுக்கியதில் சீலாவின் கை மரத்துப்போயிருந்தது. பேணி சரிந்தது. தண்ணீர் கொஞ்சம் மண்ணில் சிந்தியது.

“ஊத்துறாள்! ஊத்துறாள்!”

கூட்டம் ஒரே அலையாய் முன்னே வந்தது. நிமலினி கையை விரித்துக்கொண்டு கதிரைக்கு முன்னால் நின்றாள். யாருடைய முழங்கையோ கன்னத்தில் இடித்தது.

பிறேம் எப்படி அதற்குள் வந்தாரோ தெரியாது. தமக்கையின் காலடியில் முழங்காலில் நின்றார். அவளுடைய கையைத் தன் இரண்டு கையாலும் பொத்திப் பேணியை நிமிர்த்தினார்.

“அக்கா, எனக்காக ஒருக்காக் குடியுங்கோ. ஒரு மிடறு.”

சீலா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பேணியை வாயில் வைத்தாள்.

ஒரு மிடறல்ல. நிறுத்தாமல் குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவது எல்லோருக்கும் தெரிந்தது. கடைசித் துளிவரை குடித்து, பேணியைக் கவிழ்த்துக் காட்டாமல், மரியாதையாக அந்த இளம்பெண்ணின் பக்கம் நீட்டினாள்.

“இன்னும் எப்பன் தண்ணி இருந்தால் தா பிள்ளை,” என்றாள்.

யாரோ பெருமூச்சு விட்டார்கள். தாழ்ந்த கைகளோடு போன்களும் தாழ்ந்தன. ஒரு பேயாய் இருந்தவள் தாகமெடுத்த வயதான பெண்ணாக மாறுகிற அப்படியொரு நேரத்தை நிமலினி வாழ்நாளில் எழுதியதில்லை.

அப்போதுதான் செபமாலைச் சம்மாட்டி வந்தார். துறைமுகத்தில் வள்ளங்கள் வைத்திருக்கும் பெரியவர்; மீன் ஏலத்தை விட்டுவிட்டு மணிச்சத்தத்துக்கு ஓடிவந்திருந்தார். கதிரையைச் சுற்றி வந்து சீலாவின் முகத்தைக் குனிந்து பார்த்தார்.

“நீங்கள் அன்ரனின்ரை பெண்சாதியெல்லே? பக்கத்து வளவு அன்ரன்?”

சீலா தலையாட்டினாள்.

“அட மாடுகளே,” என்று அவர் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். “அன்ரன் வெட்டின இந்த எல்லைக் கிணத்திலை தண்ணி அள்ளிக் குடிச்சுக்கொண்டு, கிணத்துக்காரியைக் கட்டி வைச்சிருக்கிறியளே! அவிழுங்கோடா!”

ஜெரிசன் மற்றக் கயிற்றை அவிழ்த்தான். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து இளக்கினான். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அவன் மனைவி மண்ணில் கிடந்த செருப்பை எடுத்துவந்து சீலாவின் காலடியில் வைத்தாள். பொலிஸ் வந்தது, பெயர்களை எழுதியது, குரலுக்குச் சொந்தக்காரியைத் திங்கட்கிழமை நிலையத்துக்கு வரச் சொன்னது.

“மகளையோ?” நிமலினி பதறினாள்.

“விசாரணைக்குத்தான் ரீச்சர்.”

திரும்பும்போது சீலா நடுவில் இருந்தாள். மணிக்கட்டுகளில் கயிறு பதிந்த தடம் சிவந்திருந்தது. ஜெயரூபன் கண்ணாடியில் அடிக்கடி பார்த்தான்.

மல்லாகம் தாண்டியதும் பிறேம்தான் தொடங்கினார். சத்தம் போடவில்லை. அதுதான் நிமலினிக்கு அதிகம் நொந்தது.

“இண்டைக்கு அக்கா தப்பிட்டா. நாளைக்கு ஆர் நிமலி? நீர் எழுதுற ஆக்களுக்கும் ஒரு உடம்பு இருக்கு, அடிச்சால் நோகும் எண்டு நீர் ஒரு நாளும் யோசிக்கேல்லையோ?”

நிமலினி வெளியே பார்த்தாள். கண் கலங்கியது.

“சொல்லுமன். என்ரை அக்காவின்ரை நடையைக் கொண்டுபோய்ப் பேய்க்கு வைக்கிறதுக்கு உமக்கு ஆர் உரிமை தந்தது?”

“நான்,” என்றாள் சீலா.

பிறேம் திரும்பினார்.

“அவளைப் பேசாதை பிறேம். நான்தான் எழுதச் சொன்னனான். என்ரை வாயாலை சொல்லிச் சொல்லி எழுதுவிச்சனான். ஒருதருக்கும் சொல்லாதை எண்டு சத்தியமும் வாங்கினனான்.”

“உங்களைப் பேயாக்கச் சொல்லியோ அக்கா?”

“ஓம். மனுசியாய் எழுதினால் ஆரும் கண்டுபிடிச்சிடுவினம். பேயெண்டால் தேட மாட்டினம் எண்டு நினைச்சன்.”

“எதைத் தேடுறது?”

சீலா மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். வேண்டாம் மச்சாள், இங்கே வேண்டாம், இந்தப் பொடியன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று நிமலினி சொல்ல நினைத்தாள். அதற்குள் சீலா தொடங்கிவிட்டாள்.

“அங்கை என்னைச் சுத்தி நிண்டு கத்தினாங்கள், பிள்ளை பிடிக்கிறவள், பிள்ளை பிடிக்கிறவள் எண்டு. நான் ஒருதற்றை பிள்ளையையும் பிடிக்கேல்லைத் தம்பி.” அவள் குரல் மிகவும் சாதாரணமாக இருந்தது. “குடுத்தனான்.”

ஓட்டோவின் வேகம் தானாகக் குறைந்தது.

“என்ரை மகள் காய்ச்சலிலை சாகேல்லை. வள்ளத்திலை இந்தியாவுக்குப் போக நிண்ட ஒரு மனுசியின்ரை கையிலை குடுத்தனான். எனக்குப் பால் வத்திப்போச்சு. காலிலை காயம். வள்ளத்திலை எனக்கு இடமில்லை எண்டவை, பிள்ளைக்கு இருந்துது.”

பிறேமின் வாயிலிருந்து வந்தது ஒரு குழந்தையின் முறைப்பாடு போலிருந்தது.

“ஒவ்வொரு வருசமும் சேர்ச்சிலை நினைவு ஆராதனைக்கு நான்தானே அக்கா அவளின்ரை பேரை வாசிக்கிறன். செத்த ஆக்களோடை சேத்து.”

“ஓம் தம்பி. நானும் சேர்ச் வாங்கிலை இருந்து கேட்டுக்கொண்டுதானே இருக்கிறன்.”

பிறேம் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சீலா அவர் முதுகில் கையை வைத்தாள். நிமலினி மற்றப் பக்கத்திலிருந்து கையை நீட்டத் துணியவில்லை.

கண்ணாடியில் ஜெயரூபனின் கண்கள். இன்றைக்குள் இது ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும். ஒரு பேயைக் கலைக்கப் போய் ஓர் உயிருள்ள பிள்ளையை வீதிக்குக் கொண்டுவந்துவிட்டோமே என்று நிமலினிக்கு நெஞ்சு பதறியது. அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறாள்? இருக்கிறாளா? தாய் இருப்பதே அவளுக்குத் தெரியுமா?

ஓட்டோ வீட்டு வாசலில் நின்றது. கேற்றடியில் காத்துநின்ற ஜூடித் ஓடிவந்து மாமியைக் கட்டிப்பிடித்து விம்மினாள்.

“என்ரை குரலாலை தானே மாமி இவ்வளவும்.”

“விசரி. உன்ரை குரல் நல்ல வடிவு,” என்று சீலா அவளுடைய கன்னத்தைத் துடைத்தாள்.

பிறேம் இன்னும் இறங்கவில்லை. உள்ளேயிருந்தபடியே கேட்டார்.

“அக்கா, ஆர் அந்த மனுசி?”

இதற்கு விடை நிமலினிக்குத் தெரியும். தெரியாது என்பதுதான் விடை. முகம் நினைவிருக்கிறது, பெயர் கேட்கவில்லை, இருட்டு, சனம், அவசரம் என்று சீலா அவளிடம் அழுதழுது சொல்லியிருக்கிறாள். அதனால்தான் நாவலில் பிள்ளையை வாங்கிக்கொண்டு போகும் பெண்ணுக்குப் பெயரே இல்லை.

சீலா காலை இழுத்து நடந்து கேற்றைத் தாண்டினாள். திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

“ஜூடித், மாமிக்குத் தேத்தண்ணி போடு. பிறேம், இறங்கி உள்ளுக்கு வா, முகத்தைக் கழுவு. அந்த மனுசியின்ரை பேர் எனக்குத் தெரியும். இப்ப இருக்கிற ஊரும் தெரியும்.”

பெயர் கேட்கவில்லை என்று தன்னிடமே அழுதழுது சொன்னவளின் பின்னால் நிமலினி கேற்றைத் தாண்டி நடந்தாள்.